கடைசி ஊசியின் தேதி

மே 19

அக்காவுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதும் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "அன்புள்ள" என்று போட்டால் நீயே சிரிப்பாய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வரும் ஜூன் 12ஆம் தேதி எனக்குக் குடலில் அறுவை சிகிச்சை. சிறுகுடல் போய்ப் பெருங்குடலில் சேரும் இடம் பன்னிரண்டு வருடமாகப் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகித் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. ஒரு பென்சில் நுழையும் அளவுதான் வழி இருக்கிறது என்று படத்தைக் காட்டிச் சொன்னார்கள். ஒரு சாண் நீளம் வெட்டி எடுக்க வேண்டும்.

இத்துடன் மருத்துவமனைப் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். என் வயது, எடை, சாப்பிடும் மருந்துகள், கடைசியாக ஊசி போட்டுக்கொண்ட தேதி எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். உறவினர் கையொப்பம் என்று ஒரு கட்டம் மட்டும் காலி. "ஆபீஸ்ல யாராவது போட்டாப் பரவாயில்லையா?" என்று கேட்டேன். "ரத்த சொந்தம் யாரும் இல்லையா சார்?" என்று மருத்துவமனைக் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். வரிசையில் எனக்குப் பின்னால் எட்டுப் பேர். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ வர வேண்டாம். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதும். தொலைபேசியும் வேண்டாம். கடைசியாக நாம் தொலைபேசியில் பேசியது இரண்டு பேருக்குமே நினைவிருக்கும்.

அத்தானிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

தம்பி

*

மே 24

தம்பி,

உறை மேல உன் கையெழுத்தைப் பார்த்ததும் கடைக்கு மறுபடி ஏதோ நோட்டீஸ் வந்திருக்குன்னு நினைச்சேன். பிரிக்காம கல்லாவுக்குள்ள போட்டேன். ராத்திரி கடை மூடினப்புறம்தான் பிரிச்சுப் படிச்சேன்.

உன்னை மாதிரி எனக்கு எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன், பொறுத்துக்கோ.

அவர்கிட்ட சொன்னேன். "ஓ"ன்னார். திரும்பி மாவைப் பிசைய ஆரம்பிச்சுட்டார். அவரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நீ தராசு சோதிக்கற இன்ஸ்பெக்டரா எடைக்கல் பெட்டியோட எங்க பேக்கரிக்குள்ள வந்து, ஒரு கிலோவுக்கு நாப்பது கிராம் குறையுதுன்னு தராசுக்கு சீல் வெச்சு, ஷட்டர்ல காகிதம் ஒட்டிட்டுப் போனே. ஒன்பது நாள் கடை மூடிக் கிடந்தது. அக்கா வீட்டுக்காரராச்சேன்னு நீ ஒரு வார்த்தை பேசலை. ஊர்ல இன்னிக்கும் அவருக்கு "நாப்பது கிராம்"னுதான் பேர். புதுசா குடிவந்த பிள்ளைங்ககூட "நாப்பது கிராம் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வா"ன்னு சொல்றாங்க. ஏன் அந்தப் பேருன்னு அதுங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

சரி, அது கிடக்கட்டும். ஏதோ புது மாதிரி ஊசி போட்டுக்கறே, நல்லா இருக்கேன்னு சித்தி சொல்லிக் கேள்விப்பட்டேனே? பின்ன எதுக்கு இப்போ ஆபரேஷன்? எத்தனை நாள் படுக்கணும்? யார் கூட இருக்காங்க? யார் வீட்டுக்குக் கூட்டிட்டு வருவாங்க? இதெல்லாம் தெரியாம வெறும் காகிதத்துல கையெழுத்துப் போட நான் என்ன உன் ஆபீஸ் பியூனா?

அக்கா

*

மே 29

அக்காவுக்கு,

கேட்டவற்றுக்குப் பதில்.

அந்த ஊசிக்கு உயிரியல் மருந்து என்று பெயர். ரசாயனத்தைக் கலந்து செய்வதில்லை. உயிருள்ள செல்களை வளர்த்து அவற்றிலிருந்து எடுக்கிறார்கள். எனக்கு இருக்கும் நோயில் உடம்பின் காவல்படை தன் குடலையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. இந்த மருந்து அந்தப் படையின் கையைக் கட்டிப்போடும். பேனா மாதிரி இருக்கும், இரண்டு வாரத்துக்கு ஒன்று, நானே வயிற்றில் குத்திக்கொள்வேன். நான்கு வருடம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் புண்ணைத்தான் அதனால் ஆற்ற முடியும். ஏற்கெனவே இறுகிப்போன தழும்பை அது ஒன்றும் செய்யாது. அதனால்தான் கத்தி.

கை கட்டிய காவல்படை வெளியிலிருந்து வரும் கிருமியையும் விட்டுவிடும் என்பது அறுவை மருத்துவரின் பயம். வெட்டிய இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்த இடம் சீழ் பிடித்துப் பிரிந்துபோனால் உயிருக்கே ஆபத்து. மே 5ஆம் தேதி அவர் என்னிடம் கேட்டார், "கடைசி ஊசி எப்போ?" ஏப்ரல் 28 என்றேன். "இனிமே போடாதீங்க. நாலு வாரத்துக்கு மேல இடைவெளி இருந்தா நேரா இணைச்சுடலாம். இல்லேன்னா மூணு மாசத்துக்கு வயித்துல ஒரு பை வெச்சு, மலத்தை அதுல போக விட்டு, அப்புறமா இணைக்கணும்" என்றார். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சோதனை இருக்கிறதாம். "அதெல்லாம் எதுக்கு? உங்க வார்த்தையை நம்பறேன்" என்றார். முப்பது வருட வேலையில் நான் யாரிடமும் சொல்லாத வாக்கியம் அது.

மருத்துவமனையில் எட்டு நாள். கூட யாரும் இல்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவேன். எனக்குப் பழக்கம்தான்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததையும் சொல்கிறேன். சந்தையில் எந்தெந்தக் கடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் எனக்காகவே ஒரு சாவியை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். அதனால் அவர் தராசை மட்டும் நான் கண்டுகொள்வதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பொய். அவர் தராசு உண்மையிலேயே சரியாக இருக்கிறது. நான் நுழைந்தால் சந்தையில் பேச்சு நிற்கும், வெளியேறினால் தொடரும். வீட்டில் ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலியின் கால் உடைந்தபோது சரிசெய்யத் தோன்றவில்லை. குளிர்பெட்டியில் தண்ணீர் பாட்டில், தயிர், ஊசி. ஊசியைச் சில்லென்று போட்டால் வலிக்கும். வெளியே எடுத்து அரை மணி நேரம் மேசையில் வைக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் நானும் எங்கும் போக மாட்டேன், எதிரில் உட்கார்ந்திருப்பேன். யாரோ வந்திருப்பதைப் போல இருக்கும். நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான், மேல்வீட்டுப் பிள்ளைகள் நாற்காலி இழுத்து விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

படிவத்தைச் சீக்கிரம் அனுப்பு.

தம்பி

*

ஜூன் 2

தம்பி,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். மூணாவது தடவை படிவத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிச்சேன்.

படிவத்துல நீ எழுதினது: கடைசி ஊசி ஏப்ரல் 28. கடிதத்துல எழுதினது: நேத்து சாயங்காலம் ஊசியை மேசையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தே. நேத்துன்னா மே 28. முழுசா ஒரு மாசத்தை முழுங்கியிருக்கே.

தெரியாம எழுதிட்டியா, இல்லே நான் பார்க்கணும்னே எழுதினியா? உன்னை எனக்குத் தெரியும். கடைசி வரிவரைக்கும் திருப்பிப் படிக்காம நீ எதையும் உறையில போட மாட்டே.

நாப்பது கிராமுக்கு எங்க ஷட்டரை இழுத்தவன் நீ. "தப்புன்னா தப்புதான் அக்கா, கிராம்ல பெரிசு சின்னது கிடையாது"ன்னு என் முகத்துக்கு நேரா சொன்னே. இப்போ உன் வயித்தை அறுக்கப் போற மனுஷன்கிட்ட ஒரு மாசத்தை மறைக்கறே. எதுக்குடா?

டாக்டர்கிட்ட சொல்லு. சொல்லிட்டேன்னு எழுது. அப்புறம் கையெழுத்து.

அக்கா

*

ஜூன் 5

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கண் இன்னும் மங்கவில்லை என்பதில் மகிழ்ச்சி.

எதுக்குடா என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். மருத்துவர் நிறுத்தச் சொன்னதும் நிறுத்தத்தான் செய்தேன். மே 12ஆம் தேதி போட வேண்டியதைப் போடவில்லை. மறுநாள் சந்தையில் ஆய்வு. பாத்திரக்கடை அன்று பூட்டியிருந்தது. எடைக்கல் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுச்சந்தையில் நின்றபடியே எனக்கு ஆகிவிட்டது. என்ன ஆனது என்று எழுத மாட்டேன். ஐம்பது பேர் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மீன் விற்கும் அம்மாள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். போன வருடம் அவள் அண்ணனுக்கு அபராதம் போட்டவன் நான்.

ஒரு நாள் ஊசியைத் தவறவிட்டதால் இப்படி ஆகாது என்று எனக்குத் தெரியும். நான் படித்தவன். இருந்தாலும் அடுத்த நாள் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். குளிர்பெட்டியில் மீதி ஒன்று இருந்தது. அதை 28ஆம் தேதி.

தேதியைச் சொன்னால் பை வைப்பார்கள். மூன்று மாதம் வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு அதே சந்தைக்குள் போய் நான் யாருடைய தராசைப் பிழை என்று சொல்வது?

நீ சொல்லத்தான் போகிறாய். சொல்வது உனக்குப் புதிதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் என் நிச்சயத்துக்கு இருபது நாள் இருக்கும்போது பெண் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு என் குடலைப் பற்றிச் சொன்னாய். அந்தச் சம்பந்தம் முறிந்தது. அதன் பிறகு நான் யாரையும் தேடவில்லை, என்னையும் யாரும் தேடவில்லை. மருத்துவரின் தொலைபேசி எண் படிவத்தின் மேல் ஓரத்தில் இருக்கிறது. போன் போட்டுச் சொல்லிவிடு. உனக்குத் தூக்கம் வரும்.

தம்பி

*

ஜூன் 8

தம்பி,

இதைக் கூரியர்ல அனுப்பறேன். பத்தாம் தேதி உன் கைக்கு வந்துடணும்.

அன்னிக்கு உனக்குப் பேசின பொண்ணோட அண்ணி கேட்டா. "உங்க தம்பி ஆறு மாசத்துல பாதியாயிட்டாரே, உடம்புக்கு என்ன?"ன்னு என் கண்ணைப் பார்த்துக் கேட்டா. எனக்குப் பொய் வரலை. சொன்னேன். சொன்னதுக்கு நான் இன்னிக்கும் வருத்தப்படலை. ஆனா சொல்லிட்டு வீட்டுக்கு வந்து உன்கிட்ட "நான்தான்டா சொன்னேன்"னு சொல்லலை. பயந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். நீ தரகர் வாயால தெரிஞ்சுக்கிட்டே. அதுக்குப் பன்னெண்டு வருஷமா வருத்தப்படறேன். இதை எழுதறதுக்கு உன் குடல் இந்த நிலைமைக்கு வரவேண்டியிருக்கு பாரு.

டாக்டர் நம்பரை ரெண்டு தடவை போட்டேன். மணி அடிக்கறதுக்குள்ள வெச்சுட்டேன். இந்தத் தடவை நான் சொல்லப் போறதில்லை.

படிவம் உள்ளே இருக்கு. கையெழுத்துப் போட்டிருக்கேன். ஏப்ரல் 28ங்கறதை அடிச்சிருக்கேன். அடிச்ச இடத்துக்குப் பக்கத்துல சின்னதா கையெழுத்தும் இருக்கு. எழுதினதை அடிச்சா பக்கத்துல கையெழுத்து வேணும், இல்லேன்னா செல்லாதுன்னு நீதானே எங்க பில் புக்கைத் தூக்கிப் போட்டே? மேலே இடம் காலியா விட்டிருக்கேன். என்ன தேதி எழுதணுமோ நீயே எழுதிக்கோ. மறுபடி ஏப்ரல் 28ன்னு எழுதினாலும் நான் கேட்க மாட்டேன். எனக்குத் தெரியவும் தெரியாது.

நான் வரலை. நீ வேண்டாம்னு சொன்னதால இல்லை. கடையில நாங்க ரெண்டே பேர், அவர் முகத்தைப் பார்த்துக் கிளம்பறேன்னு சொல்ல எனக்கு இன்னும் தெம்பு வரலை.

அக்கா

*

ஜூன் 21
மருத்துவமனை, இரண்டாம் மாடி

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மேசை இல்லாததால் தலையணை மேல் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணியிருக்கும்.

பதினோராம் தேதி காலையில் சேர்ந்தேன். பக்கத்துக் கட்டில்காரரைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். என் கட்டிலருகே பார்வையாளர் நாற்காலியில் என் துணிப்பையை வைத்தேன். அறுவை மருத்துவர் வந்து படிவத்தைப் புரட்டினார். தேதிக் கட்டத்தில் நின்றார்.

"என்ன இது, மே 28?"

"அதுதான் சரி."

"ஏப்ரல்னு சொன்னீங்களே. இப்போ ஏன் சொல்றீங்க?"

"படிவத்தில் இடம் காலியா இருந்தது."

அவர் என் பையை நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தள்ளிப்போட முடியாது. அடைப்பு முத்திடுச்சு. பை வெச்சுத்தான் பண்ணணும். சம்மதமா?" என்றார். தலையாட்டினேன். அறுவை அரங்குக்குப் போகும் வழியில் தள்ளுவண்டிக்காரர், "கூட யாரும் வரலியா சார்?" என்றார். வெளியூர் என்றேன்.

உள்ளே குடலுக்குப் பின்னால் எலுமிச்சை அளவு சீழ்க்கட்டி இருந்ததாம். மயக்கம் தெளிந்து மூன்றாம் நாள் கேட்டேன், "நேரா இணைச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். இந்த ஊசி விஷயத்துல டாக்டருங்களுக்குள்ளயே ஒத்த கருத்து கிடையாது சார். ஆனா சீழ் இருக்கற வயித்துல நான் பந்தயம் கட்ட மாட்டேன்."

உண்மையைச் சொன்னதால் பிழைத்தேன் என்று அவர் சொல்லியிருந்தால் உனக்கு நன்றி எழுதியிருப்பேன். அப்படிச் சொல்லவில்லை. ஆகவே வயிற்றில் ஒரு பை, கேள்விக்குப் பதில் இல்லை. அதையும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எட்டு நாள் பன்னிரண்டாகிவிட்டது. நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

தம்பி

*

ஆகஸ்ட் 30

அக்காவுக்கு,

நீ பதில் போடவில்லை. எழுபது நாள். தபால்காரர் என் வாசலைத் தாண்டும்போது இப்போதெல்லாம் தானாகவே "இல்லை சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

பையைக் காலி செய்ய, கழுவ, மாற்றக் கற்றுக்கொண்டேன். போன வாரம் சந்தைக்குப் போனேன். சட்டைக்குள் உப்பியிருப்பதை எல்லோரும் பார்த்தார்கள். பாத்திரக்கடைக்காரர், "சாவி இனிமே வேண்டாமா சார்?" என்றார். வேண்டும் என்றேன். மீன் விற்கும் அம்மாளின் தராசைச் சோதித்தேன். பதினைந்து கிராம் குறைந்தது. ஒரு வாரத்தில் சரிசெய்யச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை என்றால் அப்படித்தான் செய்வது வழக்கம்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அத்தானுக்கும் அது முதல் தடவை. அவருக்கு நான் சீட்டுக் கொடுக்கவில்லை. அன்று கடைக்குள் நுழைந்ததுமே பார்த்தேன், மின்தராசு அடுப்பை ஒட்டி வைத்திருந்தது. சூடு ஏறினால் அது தப்பாகக் காட்டும். குளிர்ந்த மேசைக்கு மாற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி சோதிக்க வேண்டும். எல்லாக் கடையிலும் அப்படித்தான் செய்வேன். அத்தான் சொன்னார், "சூட்டுல அப்படிக் காட்டுது, கொஞ்சம் ஆறட்டும்." கேட்காதது போல நின்றேன். சம்பந்தம் முறிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கண் முன்னால் செய்ய வேண்டும் என்றுதான் செய்தேன். அந்தத் தராசு சரியாக இருந்திருக்கும். அத்தான் யாரையும் ஏமாற்றவில்லை. பதினோரு வருடமாக எனக்குத் தெரியும்.

இதைப் படித்த பிறகு நீ எழுதாமல் இருந்தால் அது நியாயம்.

செப்டம்பர் 18இல் பையை எடுத்துவிட்டுக் குடலை இணைக்கிறார்கள். மறுபடி ஒரு படிவம். எல்லாக் கட்டத்தையும் சரியாக நிரப்பியிருக்கிறேன். கடைசி ஊசி மே 28. நீ போட்டு அனுப்பினால் நல்லது. இல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே போகட்டும், அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 8

தம்பி,

கோபத்துல எழுதாம இருக்கலை. உன்கிட்டேருந்து ஒண்ணு வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். பதினோரு வருஷம் காத்திருந்தவளுக்கு எழுபது நாள் பெரிசா?

உன் கடிதத்தை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ரொட்டியை அடுப்புல தள்ளிக்கிட்டே கேட்டார். தராசு பத்தி வந்ததும் கை நின்னுடுச்சு. "இன்னொரு தடவை படி"ன்னார். படிச்சேன். "சூட்டுலன்னு அன்னிக்கே சொன்னேன்ல?"ன்னார். யார்கிட்ட கேட்டார்னு தெரியலை, என்னைப் பார்த்துக் கேட்கலை. அந்தத் தட்டு ரொட்டி முழுக்கக் கருகிப்போச்சு.

சாயங்காலம் அவரே வந்து படிவம் எங்கேன்னார். உள்ளே இருக்கு. கையெழுத்து என்னோடது இல்லை, பார்த்துக்கோ. நோயாளிக்கு என்ன உறவுங்கற கட்டத்துல "அத்தான்"னு எழுதியிருக்கார். ஓரத்துல மாவு ஒட்டியிருக்கு, தட்டிவிட்டுக் கொடு.

"நீங்க போவீங்களா?"ன்னு கேட்டேன். "படிவத்துல அதைக் கேட்கலையே"ன்னார்.

தபால்ல போட எவ்வளவு எடைன்னு தெரியணுமேன்னு இந்த உறையை வாங்கி நம்ம தராசுல வெச்சார். தராசு இப்போ அடுப்புகிட்ட இல்லை, ஜன்னலோரம் இருக்கு. ரொம்ப நேரம் பார்த்துட்டுச் சொன்னார்:

"இருபத்திரெண்டு கிராம். உன் தம்பிக்குச் சந்தேகமா இருந்தா பெட்டியை எடுத்துக்கிட்டு வந்து பார்த்துட்டுப் போகச் சொல்லு."

அக்கா